மூளையை வரைந்தவர்கள் – 17: கோபத்துக்கு முகவரி தேடிய சென்னை

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டை என்றால் பலருக்கும் பொம்மைகளும் அகல்விளக்கும்தான் நினைவுக்கு வரும். அங்கிருந்து மின்சாரச் சாமான்களும் போகின்றன. அதில் ஒன்று ஃபியூஸ் கேரியர். களிமண்ணை அச்சில் அழுத்தி, காயவைத்து, கிளேஸ் பூசி, சூளையில் சுட்டெடுத்த வெள்ளைப் பீங்கான் துண்டு. இரண்டு முனையிலும் பித்தளைக் காது, நடுவில் மெல்லிய கம்பி. சமையலறையில் மிக்ஸி ஒயர் உரசி ஷார்ட் ஆனால், கம்பி அறுவது வாசலில் இருக்கும் மீட்டர் பெட்டியில், இருட்டாவது கூடத்தில். கோளாறு ஓரிடம், அறுந்தது ஓரிடம், தெரிந்தது ஓரிடம். தொழில் தெரிந்த எந்த எலக்ட்ரீஷியனும் புதுக் கம்பியைக் கட்டிவிட்டு அத்தோடு கிளம்பமாட்டார்.

மூளை விஷயத்தில் இந்த மூன்று இடங்களையும் தனித்தனியாகப் பார்க்க மருத்துவத்துக்கு நூறாண்டு போதவில்லை. அந்த நீண்ட தடுமாற்றத்தில் சென்னை அரசு பொது மருத்துவமனைக்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது.

பேச்சுக்கு இடம் கிடைத்தது

சென்ற இதழில் பாரிஸில் நின்றோம். 1861இல் பால் புரோக்கா, 'டான்' என்ற ஓரசையைத் தவிர வேறு எதுவும் பேச வராத லெபோர்ன் என்ற நோயாளி இறந்தபின் அவர் மூளையை எடுத்துப் பார்த்தார். இடப்பக்க முன்மடலில் ஒரு பகுதி சிதைந்திருந்தது. 1874இல் ஜெர்மனியின் கார்ல் வெர்னிக்கே இன்னோர் இடத்தைக் காட்டினார். அங்கே சேதமானவர்கள் சரளமாகப் பேசினார்கள். ஆனால் பேச்சில் பொருள் இருக்காது, பிறர் சொல்வதும் புரியாது. பேசுவதற்கு ஓரிடம், புரிந்துகொள்வதற்கு வேறோர் இடம் என்று ஆயிற்று.

பேச்சுக்கு இடம் உண்டென்றால் பயத்துக்கு? சந்தேகத்துக்கு? கட்டுக்கடங்காத கோபத்துக்கு? இந்தக் கேள்வி எழாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். 1913இல் நோகுச்சியும் மூரும், மனநல விடுதிகளை நிறைத்திருந்த 'பொதுப் பக்கவாதம்' என்ற பைத்திய நிலையில் இறந்தவர்களின் மூளைக்குள் சிபிலிஸ் கிருமியைக் கண்டார்கள். ஒரு மனநோய்க்குக் கண்முன்னே காரணம் அகப்பட்டுவிட்டது. மற்றவையும் இப்படித்தான் ஒவ்வொன்றாக அகப்படும் என்று நம்பினார்கள்.

இங்கிலாந்தின் ஹியூலிங்ஸ் ஜாக்சன் மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எச்சரித்திருந்தார். பேச்சைக் கெடுக்கும் சேதம் எங்கே இருக்கிறது என்று காண்பது வேறு, பேச்சு எங்கே இருக்கிறது என்று காண்பது வேறு என்பது அவர் வாதம். மீட்டர் பெட்டியைத் திறந்தவருக்கு இது சட்டென்று புரியும். கத்தியைக் கையில் எடுத்தவர்களுக்குத்தான் புரிய நாளாயிற்று.

கத்தி நுழைந்த காலம்

1935 நவம்பரில் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ், அறுவை மருத்துவர் அல்மெய்டா லிமாவின் துணையோடு, நோயாளிகளின் முன்மடலுக்கும் மூளையின் ஆழத்துக்கும் இடையே ஓடும் நார்களைச் சிதைக்கத் தொடங்கினார். 1949இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவில் வால்டர் ஃப்ரீமன் அதை மயக்க மருந்துக்கும் அறுவை அரங்குக்கும் அவசியமில்லாத வேலையாக்கி, கண்குழி வழியே கூரிய கம்பியைச் செலுத்தி ஊர் ஊராகச் செய்து காட்டினார். பலர் அடங்கினார்கள். அடங்கியவர்களில் பலர் ஆர்வமும் முனைப்பும் இழந்து, சொன்னதைச் செய்யும் ஆட்களாக மிஞ்சினார்கள்.

இதே ஆண்டுகளில் இன்னொரு பாதையும் திறந்தது. சிகாகோவில் க்ளூவரும் பூசியும் குரங்குகளின் இரு பொட்டுமடல்களையும் அகற்றினார்கள். மூர்க்கமான குரங்குகள் சாதுவாயின. பாம்பைக் கண்டும் அஞ்சவில்லை. 1937இல் ஜேம்ஸ் பேப்பெஸ், உணர்ச்சி என்பது ஒரே புள்ளியில் உறைவதல்ல, ஹைபோதலாமஸ், தலாமஸ், சிங்குலேட், ஹிப்போகேம்பஸ் என்று சுற்றிவரும் ஓட்டம் என எழுதினார். பின்னாளில் 'லிம்பிக் அமைப்பு' என்று நாம் படித்த பாடத்தின் வேர் இதுதான்.

மடலையே வெட்டுவதை விட, அந்தச் சுற்றில் ஓரிடத்தை மட்டும் மில்லிமீட்டர் கணக்கில் தொட முடிந்தால்? 1947இல் பிலடெல்பியாவில் ஸ்பீகலும் வைசிஸும் மனிதருக்கான ஸ்டீரியோடாக்சிக் கருவியை அறிமுகப்படுத்தினார்கள். நடுக்குவாத அறுவைக்கு அந்தக் கருவி புகழ்பெற்றது பிறகுதான்; அவர்கள் தொடங்கும்போது மனதில் இருந்தது முன்மடல் வெட்டுக்கு ஒரு மாற்று.

சீர்காழியிலிருந்து சென்ட்ரல் எதிரே

இந்தியாவில் நரம்பு அறுவைக்கு முதல் துறை 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் அமைந்தது. அமைத்தவர் ஜேக்கப் சாண்டி. மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றவர். அடுத்த ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி சென்னை ஜி.ஹெச்.சில் பி. ராமமூர்த்தி பொறுப்பேற்றார். சீர்காழியில் 1922இல் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர், இங்கிலாந்தின் நியூகாசிலில் நரம்பு அறுவை கற்றவர். 1951இல் இவர்கள் இருவரும் பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் ஆகியோரும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

ராமமூர்த்தியின் அணியில் ஸ்டீரியோடாக்சி வேலையைத் தோளில் சுமந்தவர் வி. பாலசுப்ரமணியம். அவரோடு டி.எஸ். கனகா, 1968இல் நரம்பு அறுவையில் பட்டம் பெற்றபோது ஆசியாவில் அத்துறையில் நுழைந்த முதல் பெண்களில் ஒருவர். முதலில் நடுக்குவாத நோயாளிகளுக்குத்தான் கருவி பயன்பட்டது. கை நடுக்கம் அறுவை மேசையிலேயே நிற்பதைக் கண்ணால் கண்டவர்களுக்கு, நடத்தையும் இப்படி அடங்குமோ என்ற எண்ணம் வந்தது இயல்பு.

வழிகாட்ட ஜப்பான் இருந்தது. டோக்கியோவில் ஹிரோதாரோ நராபயாஷி 1963இல் பொட்டுமடலுக்குள் இருக்கும் அமிக்டலாவைச் சிறிதளவு அழித்து வன்முறை நடத்தையைக் குறைத்ததாக எழுதினார். கெய்ஜி சானோ ஹைபோதலாமஸின் பின்பகுதியைத் தேர்ந்தெடுத்து, 'அமைதிப்படுத்தும் அறுவை' என்று பெயரிட்டார். சென்னைக் குழுவும் 1969, 1970 ஆண்டுகளில் இதே பொருளில் கட்டுரைகள் வெளியிட்டது.

யாரை அழைத்து வந்தார்கள்? மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு ஓயாமல் ஓடிக்கொண்டே இருந்த பிள்ளைகள், வலிப்போடு அறிவு வளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்து கண்டதை உடைப்பவர்கள், தன்னைத்தானே கடித்துக்கொள்பவர்கள், வீட்டில் அடிதடியில் இறங்கும் இளைஞர்கள். அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில், விருத்தாசலத்தைச் சுற்றிய ஊர்களில், இப்படி ஒருவர் இருக்கும் குடும்பம் என்ன செய்திருக்க முடியும்? கோயிலிலோ தர்காவிலோ கொண்டுபோய் விடலாம், வீட்டிலேயே கட்டிப்போடலாம். இல்லாவிட்டால் எழும்பூர் வண்டி ஏறிக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கோ ஜி.ஹெச்.சுக்கோ போகவேண்டும். அக்கம்பக்கத்தில் மனநல மருத்துவர் என்று ஒருவர் கிடையாது. இந்த நிலையை ஒதுக்கிவிட்டு அந்த அறுவைகளை இன்றைய நாற்காலியில் அமர்ந்து எடைபோட்டால் பாதிதான் விளங்கும்.

அறுவை நடந்த விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். சி.டி. ஸ்கேன் உலகில் முதன்முதல் ஓடியது 1971இல்தான். சென்னைக்கு அது வந்தது அதற்கும் பிறகு. எக்ஸ்ரேயில் மூளைத் திசு தெரியாது. ஆகவே நோயாளியின் தலையில் உலோகச் சட்டத்தைத் திருகுகளால் இறுக்கி, மூளைக்குள் இருக்கும் நீரறைகளில் காற்றையோ சாயப்பொருளையோ செலுத்துவார்கள். அறைகளின் விளிம்பு படத்தில் விழும். விளிம்பில் சில அடையாளங்கள் உண்டு. அவற்றிலிருந்து பக்கவாட்டில் இத்தனை மில்லிமீட்டர், கீழே இத்தனை என்று மூளை அட்டவணையைப் பார்த்துக் கணக்கிட்டு, மண்டையோட்டில் சிறு துளையிட்டு, கண்ணுக்குத் தெரியாத இலக்கை நோக்கி ஊசியை இறக்குவார்கள். அமிக்டலா பாதாம்பருப்பு அளவுதான்; பொட்டுக்குள், காதுக்கு முன்னே ஆழத்தில் இருக்கிறது. இலக்கைத் தொட்டதும் அந்தச் சிறு பகுதியை அழித்துவிட்டு ஊசியை எடுத்துவிடுவார்கள். அடுத்து மறுபக்கம்.

1988இல் ராமமூர்த்தி கணக்கைத் தொகுத்து வெளியிட்டார். கட்டுப்படாத மூர்க்கத்துக்காக நடந்த அறுவைகள் 603. அவற்றில் 481 அமிக்டலாவில், 122 ஹைபோதலாமஸில். முதலில் முக்கால் பங்கினரிடம் நல்ல மாற்றம் தெரிந்ததாகவும், ஆண்டுகள் கடந்தும் பெரும்பாலோரிடம் அது நீடித்ததாகவும் எழுதினார். உலகில் இவ்வகை அறுவை மிகுதியாக நடந்த இடங்களில் சென்னையும் ஒன்று.

அடங்கியது எது?

இங்கேதான் நிதானிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் 'நல்ல மாற்றம்' என்பதற்கு என்ன பொருள்? உடைப்பது நின்றது, அடிப்பது குறைந்தது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடிந்தது. ஒரு தாய்க்கு இது சின்ன விஷயமே அல்ல. ஆனால் அந்தப் பிள்ளை உள்ளுக்குள் என்ன உணர்ந்தது, எதை இழந்தது என்பதை அளக்கும் கருவி அந்த அளவுகோலில் இல்லை. அளக்க நினைத்தாலும் பேச்சே வராத பிள்ளைகள் பலர்.

இழப்பு எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி ஹென்றி மொலைசன். 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் வில்லியம் ஸ்கோவில், வலிப்பு நோயைத் தீர்ப்பதற்காக அவருடைய இரு பொட்டுமடல்களின் உட்பகுதியை, ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியோடும் அமிக்டலாவோடும், உறிஞ்சி எடுத்தார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப்பின் நடந்த எதையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. 2008இல் இறக்கும்வரை அப்படியே வாழ்ந்தார். சென்னையில் தொட்ட பகுதி இதைவிட மிகச் சிறியது, நோக்கமும் வேறு. என்றாலும் ஒரே அக்கம்பக்கம்.

சென்னைக் கணக்கிலேயே ஒரு துப்பு இருக்கிறது. அமிக்டலாவைத் தொட்டாலும் மூர்க்கம் குறைகிறது; அங்கிருந்து விலகி மூளையின் நடு அடித்தளத்தில் இருக்கும் ஹைபோதலாமஸைத் தொட்டாலும் குறைகிறது. மூர்க்கம் அமிக்டலாவில்தான் 'குடியிருக்கிறது' என்றால் இரண்டாவது அறுவை பலித்திருக்கக் கூடாது. எதிரே இருப்பது ஆபத்தா என்று அமிக்டலா எடைபோடுகிறது. ஹைபோதலாமஸ் நெஞ்சுத் துடிப்பையும் மூச்சையும் ஹார்மோனையும் சண்டைக்குத் தயாராக்குகிறது. நடுமூளை உடலைப் பாயவைக்கிறது. கண்ணுக்கு மேலே இருக்கும் முன்மடலின் அடிப்பகுதி, வேண்டாம் என்று பிடித்து நிறுத்துகிறது. சங்கிலியில் எந்தக் கண்ணியை அறுத்தாலும் கை ஓங்குவது நிற்கலாம். அதனால் நோய் அந்தக் கண்ணியில் இருந்தது என்று ஆகிவிடாது. வலிப்பாலோ காய்ச்சலாலோ கெட்டது முன்மடலின் பிடியாகவும் இருந்திருக்கலாம். சொல்லத் தெரியாத பல்வலியோ பசியோகூட அன்றைக்குப் பொறியாக இருந்திருக்கலாம்.

அதே நகரத்தின் இன்னொரு மூலையில் வேறொரு தேடல் நடந்துகொண்டிருந்தது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன், மருந்தோடு வேலைப் பயிற்சியையும் மறுவாழ்வையும் உள்ளே கொண்டுவந்தார். ஓய்வுக்குப் பின் 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். மனச்சிதைவு கண்டவர் குணமாவது வேலை, குடும்பம், திருமணம் ஆகியவற்றோடு எப்படிப் பின்னிக் கிடக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்த சென்னை ஆய்வுக்கு, இந்த அமைப்பின் டாக்டர் ஆர். தாரா தலைமை ஏற்றார். ஊசி முனையில் தேடியவர்களும் வீட்டுத் திண்ணையில் தேடியவர்களும் ஒரே ஊரில் இருந்தார்கள். இரு தேடலும் ஒன்றையொன்று தொடும் இடத்துக்கு அறிவியல் வந்து சேர்ந்தது 1990களில்.

மருந்தும் பேச்சும் ஒரே இடத்தில்

ஒருவர் சூளையின் கேஸ் வால்வை மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறார். மூடினோமா என்று சந்தேகம். திரும்பிப் போய்ப் பார்க்கிறார், மூடியிருக்கிறது. தெருமுனை வந்ததும் மறுபடி சந்தேகம். மூடியிருப்பது அவருக்கே தெரியும். ஆனால் 'முடிந்தது' என்ற உணர்வு மட்டும் வருவதில்லை. இப்படி நாளுக்கு முப்பது நாற்பது தடவை என்றால் அதை எண்ணச் சுழற்சி நோய், ஓ.சி.டி. என்கிறோம். இதில் முன்மடலின் அடிப்பகுதி, மூளை ஆழத்தின் காடேட், தலாமஸ் ஆகிய மூன்றும் சுற்றாக இயங்குகின்றன. 'ஏதோ தப்பு' என்று எழும் குறிப்பு வழக்கமாக ஒரு சுற்றில் அடங்கிவிடும். நோயில் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது.

1992இல் கலிபோர்னியாவின் லூயிஸ் பாக்ஸ்டரும் சகாக்களும் இவர்களின் மூளை எவ்வளவு குளுக்கோஸை எரிக்கிறது என்று பெட் ஸ்கேனில் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு ஃப்ளுவாக்செடின் மாத்திரை. மறு பிரிவுக்கு மாத்திரை கிடையாது. சந்தேகம் எழும்போதும் திரும்பிப் போகாமல் நிற்கப் பழக்கும் நடத்தைப் பயிற்சி மட்டும். குணம் கண்டவர்களைத் திரும்பப் படமெடுத்தபோது, இரு பிரிவிலும் ஒரே இடத்தில், வலது காடேட்டில், எரிப்பு குறைந்திருந்தது. கத்தியே படாமல், ஒரு பிரிவில் மருந்துகூட இல்லாமல், பழக்கத்தால் மட்டுமே மூளையின் ஒரு சுற்று மாறியிருந்தது. மூளைநோயா, மனநோயா என்று நூறாண்டாக நடந்த பட்டிமன்றத்துக்கு இந்த ஒரு படம் போதும்.

மூன்றாண்டு கழித்து, 1995இல், அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த இந்தியர் பரத் பிஸ்வால் இன்னொன்றைக் கண்டார். ஆட்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் சும்மா படுக்கவைத்தார். விரலைக்கூட அசைக்காத நேரத்திலும் இடக்கையை ஆளும் பகுதியும் வலக்கையை ஆளும் பகுதியும் ஒரே தாளத்தில் மெல்ல ஏறி இறங்கின. ஒன்றாக வேலை செய்யும் பகுதிகள் ஓய்விலும் ஒன்றாகவே அசைகின்றன. இதை வைத்து மூளையின் கூட்டணிகளை வரையலாம் என்று ஆயிற்று. மனச்சோர்வு, மனச்சிதைவு, ஆட்டிசம் என எல்லாவற்றிலும் இப்போது தேடுவது கெட்டுப்போன ஒரு புள்ளியை அல்ல. கூட்டணிகளுக்குள் இழுபறி எங்கே, எப்போது தொடங்கியது என்பதை.

'எப்போது' என்ற கேள்வியில் சென்னை மறுபடி வருகிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையில், கருவின் நடு மூன்று மாத மூளையை 5,132 சீவல்களாகப் படமெடுத்து 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியிட்டது. எந்த ஊர் ஆய்வாளரும் இலவசமாகத் திறந்து பார்க்கலாம். மனச்சிதைவின் வேர் கருப்பருவம் வரை போகலாம் என்று 1980களிலிருந்தே கருதுகிறார்கள். அதைச் சரிபார்க்க இப்படி ஒரு வரைபடம் தேவைப்பட்டது.

சட்டமும் ஸ்கேனும்

அந்த 603 அறுவைகளின் காலம் எப்படி முடிந்தது? நல்ல மருந்துகள் பெருகின. 1970களில் அமெரிக்காவில் மூளையறுவைக்கு எதிராகப் பெரிய அறச்சண்டை மூண்டது. திசுவை அழிக்காமல் மின்முனையை மட்டும் பதித்துத் தூண்டும் முறை வளர்ந்தது. 1975இலேயே அந்த முயற்சியில் இறங்கியவர் நம் கனகா. வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம் என்பதே அதன் பெரும் சிறப்பு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 96ஆம் பிரிவு, மனநோய்க்கான மூளை அறுவைக்கு நோயாளியின் சம்மதம், உரிய வாரியத்தின் அனுமதி இரண்டையும் கட்டாயமாக்கியிருக்கிறது. அன்று அழைத்து வரப்பட்ட பிள்ளைகளிடம் கேட்க முடியாமல் போன கேள்வி இன்று சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

இன்று விருத்தாசலத்திலிருந்து ஒரு குடும்பம் மகனை அழைத்துக்கொண்டு கடலூருக்கோ புதுச்சேரிக்கோ போகிறது. ஸ்கேன் எடுக்கிறார்கள். 'நார்மல்' என்று வருகிறது. அந்தச் சொல் பல வீடுகளில் விபரீதமாகிறது: மூளையில் ஒன்றுமில்லை, அப்படியானால் நடிக்கிறான், சோம்பேறி, திமிர். அந்த ஸ்கேன் பார்ப்பது கட்டி, ரத்தக்கசிவு, வீக்கம் போன்றவற்றைத்தான். பிஸ்வால் கண்ட தாளமும் பாக்ஸ்டர் கண்ட எரிப்பும் அதில் விழா. ஆராய்ச்சியிலும் அவை நூறு பேரின் சராசரியில் தெரிபவையே. ஒருவரை மட்டும் படமெடுத்து மனச்சிதைவு என்றோ மனச்சோர்வு என்றோ சொல்லும் ஸ்கேன் இன்றுவரை உலகில் எங்கும் இல்லை. நோயை அறிவது இப்போதும் உட்கார்ந்து கேட்டுத்தான். தூக்கம் எப்படி, பசி எப்படி, காதில் குரல் கேட்கிறதா, எப்போதிலிருந்து என்று மருத்துவர் கேட்கும் கேள்விகளே அவருடைய கருவி. ஆகவே 'நார்மல்' என்ற ரிப்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு மனநலப் பிரிவுக்கு நடக்க வேண்டும். அங்கே போகத் தயக்கமானால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

அடுத்த இதழில்: காசநோய்க்காரர்களையும் ரத்தக்கொதிப்புக்காரர்களையும் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர்கள் தற்செயலாக மனதின் ரசாயனத்தில் கால்வைத்த கதை. அதில் நம் நாட்டுச் செடி ஒன்றும் வருகிறது: சர்ப்பகந்தி.

(தொடரும்)